பூஜ்யத்துக்கு ஒரு கூட்டல்

செண்பகவல்லி போடாத கையொப்பம் காலையில் திரையில் இருந்தது. "புதிய ஒப்பச்சில்லு பாதுகாப்பானது. விற்பனைக்கு விடலாம்." அடியில் பரிசோதனைப் பொறியாளர் என்று அவள் பெயர். ஒரு வாரமாக முடியவே முடியாது என்று அவள் மறுத்து வந்த சான்றிதழ் அது.

மணிக்கட்டுத் தோலுக்கடியில் மிளகளவு ஒப்பச்சில்லு இல்லாமல் இப்போது யாரும் பஸ் ஏற முடியாது, போன் பேச முடியாது, கதவு திறக்க முடியாது. உள்ளே ஒரு ரகசிய எண். நீள்வட்ட வளைகோட்டில் ஒரு புள்ளியை அந்த எண்ணின்படி தாவவிட்டு, போய்ச்சேர்ந்த இடத்தைக் காட்டுவதுதான் கையொப்பம். இடத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க எந்தக் கணிப்பொறிக்கும் ஆயுள் போதாது. ஆகவே, சில்லு போட்ட கையொப்பத்தை எவரும் மறுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

எண்ணின் ஒவ்வொரு இலக்கமும் ஒன்று அல்லது பூஜ்யம். ஒன்றுக்குச் சில்லு ஒரு கூட்டல் போட வேண்டும், பூஜ்யத்துக்கு வேண்டாம். பழைய சில்லு பூஜ்யத்துக்கும் ஒரு பொய்க்கூட்டல் போட்டு விடையைத் தூக்கி எறிந்தது. இயக்குநர் அருளானந்தத்துக்கு அது வெட்டி வேலை. நீக்கச் சொன்னார்; மின்சாரம் மிச்சமானது, வேகம் கூடியது. அந்த வெட்டி வேலைதான் சார் வேலி என்று வல்லி தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் ஒரு செப்புச் சுருளை வைத்து மின்துடிப்பை அளந்தால் போதும்; கூட்டல் நடக்கும்போது துடிப்பு நீளும், எங்கே ஒன்று, எங்கே பூஜ்யம் என்று ரகசியத்தையே வாசித்துவிடலாம்.

எந்தச் சில்லும் முதலில் செய்தவர் கையில்தான் என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். பியூன் முதல் இயக்குநர் வரை எல்லோர் கையிலும் புதுச் சில்லு. அவளுடையதை வாசித்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து கூட்ட அறைக்குள் நுழைந்தாள்.

"மனசு மாறினதுக்கு நன்றிம்மா," என்றார் அருளானந்தம், இயக்குநர் குழு உறுப்பினர்கள் முன்னால்.

"நான் போடல சார்."

"சில்லு பொய் சொல்லாது. சட்டம் தெரியும்ல?"

"நல்லாவே தெரியும். அப்ப இதையும் பாருங்க."

திரையில் இயக்குநரின் ராஜினாமாக் கடிதம். அடியில் அவர் கையொப்பம், கச்சிதமாக.

"இது நான் போட்டதில்ல!"

"உங்க மேசைக்கு அடியில சுருள் வெச்சு மூணு நாளாச்சு. நீங்க போட்டதுன்னா வீட்டுக்குப் போங்க. இல்லன்னா சில்லு கசியுதுன்னு வாயத் திறந்து சொல்லுங்க."

கீழ்த்தளத்தில் முதல் லாரியில் புதுச் சில்லுப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"கசியுது," என்றார் கடைசியில்.

அறையின் பதிவுக்கருவி அதைப் பதிந்து அப்போதே அரசுப் பதிவேட்டுக்கு அனுப்பியது. தயாரித்தவரே குறையை ஒப்புக்கொண்டால் அந்த வகைச் சில்லுகள் எல்லாம் அந்த நொடியே செல்லாதவை. அதுவும் சட்டம்தான்.

"லாரிய நிறுத்தச் சொல்லணும்!" அருளானந்தம் போனை எடுத்தார், அது உயிர்பெறவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவில் மணிக்கட்டை வைத்தார். திறக்கவில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். கீழே லாரியின் எஞ்சின் உறுமியது.

வல்லி நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"தள்ளி நில்லுங்க சார்."