பரணில் எலி இல்லை

தடால்!

பரணிலிருந்து தகரப் பெட்டி விழுந்த சத்தத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாசல்வரை நடந்ததற்கே அவளுக்கு இரைத்துக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுச் சாமான் முழுக்க வெளியே கிடந்தது. பாய், மிக்ஸி, நெல் மூட்டை. உள்ளே, ஏணிமேல் பச்சையம்மாள். முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வா நர்சம்மா. நீ எலின்னு சொன்னதுலேர்ந்து தேடிக்கினு கீறேன். ஒரு வாலு கூட ஆப்டல. நாத்தம் மட்டும் ஏறிக்கினே போவுது."

"இன்னாமே, பரணு இடிஞ்சி என் தலையில வுயப் போவுது," என்றார் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பெருமாள். "உன்னைப் பாத்தா செத்த எலி கூட எழுந்து ஓடிரும்."

சாலவாக்கம் பக்கத்து இந்த வீட்டுக்கு வந்து, பெருமாளின் காலில் இருக்கும் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போவது மேரியின் வேலை. போன முறை, நாற்றம் காலிலிருந்தா வருகிறது என்று பச்சையம்மாள் கேட்டாள். மேரி குனிந்து, மூச்சை இழுத்து, முகர்ந்தாள். "புண்ணு சுத்தமா இருக்குக்கா. எங்கயாவது எலி செத்திருக்கும்."

முகர்ந்தது நடிப்பு. கொரோனா வார்டில் ராப்பகலாக நின்று நோயை வாங்கிக்கொண்டபோது போன வாசனை அவளுக்குத் திரும்பவே இல்லை. அன்று வந்த களைப்பும் மறதியும் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்த வேலை. புண் கெட்டால், கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்கில்லாத நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்?

இருட்டத் தொடங்கியிருந்தது. வோல்டேஜ் குறைந்து பல்பு மஞ்சளாய்த் துவண்டது. ஏரிப்பக்கம் தவளைகள் விட்டுவிட்டுக் கத்த, அந்த இடைவெளிகளில், மிக அருகில், வேறொரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஈக்கள். இந்நேரத்துக்கு அடங்கியிருக்க வேண்டிய ஈக்கள். பரணில் ஒன்றுகூட இல்லை. அடுப்பங்கரையில் இல்லை. எல்லாம் கட்டிலின் கால்மாட்டில்.

கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சணலால் இறுக்கியிருந்தார் பெருமாள்.

"வயலுக்குப் போனீங்களா ஐயா?"

"சேறு படாம கட்டிக்கினுதான் போனேன். நீதான் சுத்தமா கீதுன்னியே. லேசா ஜுரம், அவ்ளோதான்."

சணலை அறுத்தாள். பையின் உட்புறம் முழுக்க நீர் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. உள்ளிருந்து எழுந்த வெப்பம் முகத்தில் அடித்தது. வெறும் வெப்பம். துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கறுத்துக் காய்ந்த பொருக்கு. அப்பாடா. ஆறுகிறது என்று சொல்ல வாயெடுத்து, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

கரக்.

கல் உப்பை மிதித்ததுபோல். தோலுக்கு அடியிலிருந்து.

விரலை நகர்த்தினாள். கரக். கெண்டைக்காலில். கரக், கரக். முழங்காலில். அதற்கு மேலும்.

உள்ளே காற்று. சதை அழுகினால் ஊறும் காற்று.

"வலிக்குதா?"

"தொட்டுக்கினா கீற?"

பச்சையம்மாள் வெளியே ஓடி வாந்தி எடுப்பது கேட்டது. மேரி கண்ணை மூடி, அடைத்த நெஞ்சு வலிக்க, முழு மூச்சையும் இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தாள். புண்ணைத் தொட்டாள். விரலோடு பொருக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே சதை இல்லை. பழுப்பு நுரை. நுரைக்கு நடுவே வெள்ளையாக எலும்பு. ஈக்கள் இறங்கின. அவள் கையில். அவள் உதட்டில்.

பெருமாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிந்தது. சிரித்தார்.

"எனக்கு கொரோனாலயே மூக்கு செத்துப்போச்சு நர்சம்மா, அவ நாறுது நாறுதுன்னு கத்தறப்பல்லாம், நீ கட்டுப் பிரிக்க சொல்ல மூஞ்ச சுளிக்கிறியான்னுதான் பாத்துக்கினு இருப்பேன்."