வீட்ல ஆள் இருக்கா?

கேட்காத இடது காதில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக்.

கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது. நான்கு வருடங்களுக்கு முன் கணவன் ஓங்கி விட்ட அறையில் செத்துப்போன காது அது. சந்தேகத்துக்கு வலது காதைப் பொத்திப் பார்த்தாள். சத்தம் கூடியது. சாத்திய படுக்கையறைக்குள்ளிருந்து, எழுபத்தொரு நாளாக ஆஸ்பத்திரியில் கணவனின் படுக்கையருகே அவள் கேட்டுக் கேட்டு அலுத்த மூச்சு இயந்திரத்தின் அதே சீறல். கூடவே கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது, சூடான பிளாஸ்டிக்கும் பினாயிலும் பழைய சளியும் கலந்த அதே வாடை.

பிரமை. அவன்தான் இங்கே வரப்போவதில்லையே!

காலையில்தான் அதற்கு வழி செய்துவிட்டு வந்திருந்தாள். தினமும் அரை மணி நேரம் இயந்திரத்தைக் கழற்றிவைப்பார்கள். கழுத்தில் போட்ட துளையை யாராவது விரலால் மூடினால்தான் அவனுக்குப் பேச்சு வரும்.

"சாரோட வாயே உங்க விரல்லதான் இருக்குக்கா!" என்று நர்ஸ் சிரிப்பாள்.

மூடியதும் அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன்டி உன்ன."

இன்று டாக்டர் தாளும் பேனாவுமாக வந்தார். "வயசு, கிட்னி, ரத்தம், எல்லாத்துக்கும் மார்க் போட்டாச்சும்மா. பொழச்சு வீடு திரும்ப நல்ல சான்ஸ் இருக்கு. கடைசிக் கேள்வி. வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

அவன் உதடுகள் துடித்தன. அவள் துளையை மூடியிருந்த விரலை எடுத்துவிட்டாள். துளையில் வெறும் காற்று சீறியது.

"யாருமில்ல டாக்டர். நானும் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அப்ப நோயாளிகளைப் பார்த்துக்கற ஹோமுக்குத்தான் அனுப்பணும். அங்க போனவங்க திரும்பறது கஷ்டம். நாலு மணிக்குப் போன் பண்றேன், யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. மணி நான்கு.

படுக்கையறைச் சத்தம் சட்டென்று நின்றது.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? ஆள் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. தொண்டைக்குழியில் என்னவோ குளிர்ந்தது. தொட்டாள்.

ஈரம்.

ஒரு துளை.

"ஹலோ? கேட்குதாம்மா?"

உஸ்ஸ்... என்றது அவள் கழுத்து.

பின்னால் கதவு திறந்தது. காலடி இல்லை. மூச்சு மட்டும். இடது காதருகே.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. நகம் வெளுத்த விரல். மெல்ல, பழகிய இடம் போல, துளையை மூடியது.

குரல் வந்தது. அவளுடைய குரல்தான். அவள் சொல்லாத சொல்.

"நான் இருக்கேன் டாக்டர். வீட்டுக்கே அனுப்பிடுங்க."

மறுமுனையில் டாக்டர் போனை வைத்துவிட்டார்.

விரல் மட்டும் விலகவில்லை.