பூட்டாத கதவுக்கு ஒரு புகார்

போன் அடித்தது.

சாஃப்ட்வேர்க்காரன் எடுத்தான். விரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதி விற்பவன்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். பியானோ டீச்சரைத் தெரியுமா?"

தெரியும். 'காசு கொடுத்து வாங்கினேன். புது அப்டேட் வந்ததிலிருந்து கதவு பூட்டவே இல்லை' என்று ஊரறிய இணையத்தில் எழுதி, அவன் தூக்கத்தைக் கெடுத்த பெண்மணி.

"தெரியும் மேடம்..."

"நேத்து ராத்திரி யாரோ கொன்னுட்டாங்க. அவங்க வீட்டுக்கு வாங்க."

கூடத்தில், பியானோவின் காலடியில், வெள்ளைத்துணி எதையோ மூடியிருந்தது.

டீச்சரின் தம்பி பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான்.

"உன் பூட்டுதான்யா அக்காவைக் கொன்னுச்சு. காலைல வந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளினேன். திறந்துக்கிச்சு. எவனோ நுழைஞ்சிருக்கான்."

இன்ஸ்பெக்டரம்மா விலக்கிவிட்டாள்.

"போன்ல டீச்சரை மிரட்டினீங்களாமே?"

"மிரட்டலை மேடம். கத்தினேன். காசு கொடுத்துட்டா எங்க மானத்தைக் கப்பலேத்தலாமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அவன் பியானோவைப் பார்த்தபடி சொன்னான்.

"'உங்ககிட்ட எத்தனை தடவை தனியா சொன்னேன்... காதுலயே போட்டுக்கலை. ஊருக்குச் சொன்னதும் ஓடி வர்றீங்களே'ன்னாங்க. நேத்து சாயங்காலமே ஆபீஸ்ல இருந்தபடி சரி பண்ணிட்டேன்."

"நிச்சயமா?"

"இப்போ கதவைச் சாத்தினா தானா பூட்டிக்கும் மேடம்."

தம்பியின் முகம் வெளிறியது.

இன்ஸ்பெக்டர் அவர்களை வாசலுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

க்ளிக்.

"காலைல தள்ளின மாதிரியே தள்ளுங்க சார்."

தம்பி தள்ளினான். தோள் கொடுத்துத் தள்ளினான்.

கதவு அசையவில்லை.

"யார் யார் விரலுக்குத் திறக்கும்?"

"டீச்சருக்கு..." சாஃப்ட்வேர்க்காரன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். "அப்புறம் தம்பிக்கு. வேற யாருக்கும் திறக்காது."

தம்பி வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தான்.

"வீட்டை விக்க மாட்டேன்னே நின்னா... பூட்டு கெட்டது ஊருக்கே தெரியுமே... எவனோ செஞ்சான்னு போயிடும்னு நினைச்சேன்..."

சாஃப்ட்வேர்க்காரன் பூட்டிய கதவைப் பார்த்தான். டீச்சரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தான். கேட்க இனி ஆளில்லை.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிவிட்டு, தன் செல்போனைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இணையத்தில் எழுதிய புகாருக்குக் கீழே நேற்று மாலை டீச்சர் இன்னொரு வரி சேர்த்திருந்தார்.

'பூட்டு சரியாகிவிட்டது. நன்றி.'

"பொருள் வாங்கறவனே ரிவ்யூவைக் கடைசி வரைக்கும் படிக்கறான்... கொலை பண்றவன் படிக்க வேண்டாமா சார்?"