பொதுப் பக்கம்

மெஷினிலிருந்து விழுந்த தாள் உள்ளங்கையைச் சுட்டது. பங்குனி வெயில், மதுரை சிம்மக்கல்லின் தகரக்கூரை மாடி, காற்றில் கெட்டியாய் நின்ற மை வாடை. அதனால்தான் என்று பாகீரதி நினைத்துக்கொண்டாள்.

பம்புசெட் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். மூன்று மாடல் மோட்டார்கள், மூன்று விளக்கப் புத்தகங்கள். எச்சரிக்கைப் பக்கம் மட்டும் மூன்றுக்கும் பொது. அதற்கு ஒரே ஸ்டென்சில், எழுத்து வெட்டிய மெழுகுத்தாள். அதைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிப் பிரதிகள் எடுப்பாள்.

புது மாடலில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாலே கரண்ட் நின்றுவிடும். அதனால் போன மாசம், 'மெயினை அணைத்த பின்பே பெட்டியைத் திறக்கவும்' என்ற வரியைப் புது மாடலுக்கு எடுத்துவிடச் சொன்னார் மானேஜர் பட்டாபிராமன். தனி ஸ்டென்சில் வெட்டச் சோம்பல்பட்டுப் பொதுப் பக்கத்திலேயே எடுத்துவிட்டாள். பழைய மாடல் புத்தகங்களும் அந்த வரி இல்லாமலே போயின.

இன்று காலை முத்துத்தாய் வந்திருந்தாள். சோழவந்தான் பக்கத்தில் பயிர் வைக்கும் சம்சாரி காளையின் மனைவி. கையில் பழைய மாடல் புத்தகம்.

"இதப் பாத்துத்தேன் எம்புருசன் பெட்டியத் தொறந்தாரு. கரிக்கட்டையாப் போயிட்டாரு. எனக்குப் படிப்பு இல்ல. என்ன எழுதிருக்குன்னு வாசிங்க தாயி."

பட்டாபிராமன் பாகீரதியையே பார்த்தார். "வாசிச்சுக் காட்டும்மா. அந்த வரி இருக்குல்ல?"

பாகீரதி தாளில் விரல் வைத்தாள். இல்லாத வரியை, இருப்பதுபோலவே நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"அப்ப அவருதேன் கவனிக்காம விட்டுட்டாரா" என்று கேட்டுவிட்டு முத்துத்தாய் படியிறங்கிப் போனாள். புத்தகத்தை மானேஜர் வாங்கி வைத்துக்கொண்டார். "வரியைச் சேர்த்துப் புது ஸ்டென்சில் வெட்டு. பழைய தேதி போடு. எனக்குச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

வெட்டினாள். இப்போது ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சுட்ட தாளைப் பார்த்தாள். வரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஸ்டென்சிலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துகள் பளிச்சென்று வெட்டுப்பட்டிருந்தன. மறுபடி மாட்டிச் சுற்றினாள். வெறுமை. அடுத்ததிலும் வெறுமை.

கரண்ட் போய் மின்விசிறி நின்றது. கீழே தெருவில் டவுன் பஸ் சத்தம்கூட அடங்கிவிட்டது. மெல்ல மெல்ல, மை வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை கிளம்பியது. முடி கருகும் வாடை.

போதும் என்று கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

கைப்பிடியோடு விரல்கள் இறுகியிருந்தன. தோள்வரை உதறியது. பற்கள் கிட்டித்துக்கொண்டன. கத்த முடியவில்லை. ஊரில் கரண்ட் இல்லை. கை மட்டும் சுற்றியது. தாள்கள் விழுந்தன.

பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. ஆண் கை. முழங்கைவரை கறுத்து வெடித்து, நகங்கள் உருகிய கை. அவசரமே இல்லை அதற்கு.

"மூணு புத்தகத்துக்கும் வேணும்ல தாயி" என்றது குரல். "எம்புட்டு ஊருக்குப் போகணும்."

சுற்றினாள்.

சுற்றினார்கள்.