வளையத்துக்குள் விரல்

"நான் தொடேல்லை எண்டு எத்தினை தரம்..."

"நீர் தொடாட்டில் பின்னை ஆர் தொட்டது? வீட்டிலை நீரும் நானும்..."

"கத்தாதையுங்கோ! உங்கடை இத்தாலிக்காரரைத் தொட எனக்கென்ன விசரே? தூசி தட்டக்கூட அந்த அறைக்கை நான் வாறேல்லை."

"தூசி தட்டச் சொல்லி ஆர் கேட்டது? இதை மடிச்சது ஆரெண்டுதான் கேக்கிறன்!"

சிவானந்தன் உள்ளங்கையை விரித்து மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். துவக்கின் முனையில் பொருத்துகிற குத்துக்கத்தி ஒன்று, பயனெட், தன் அலகைத் தானே விழுங்கியதுபோலப் பிடிக்குள் மடிந்து கிடந்தது. தவமணிக்கு அதிலென்ன அதிசயம் என்று பிடிபடவில்லை.

"மடக்குக் கத்தி மடியுந்தானே?"

"இது மடியாதப்பா. இத்தாலிக்காரன் முதல் மடக்கிற மாதிரித்தான் செய்தவன். சண்டையிலை ஆடுது எண்டு கண்டிட்டு, பிறகு குறுக்காலை ஆணி அடிச்சு இறுக்கிப்போட்டான். இது இறுக்கினது. இஞ்சை பாரும், ஆணி அப்பிடியே கிடக்கு. ஆணி கிடக்க அலகு எப்பிடித் திரும்பும்?"

அவர் குரலில் இருந்த கோபம் பாதி வழியில் வேறெதுவோ ஆகிவிட்டதைத் தவமணி கவனித்தாள்.

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் அவர்களுடைய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வகை. வெளிச்சுவரில் ஒரு யன்னல் கிடையாது. கண்ணாடியெல்லாம் உள்முற்றத்தைப் பார்த்தபடி, முற்றத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே பலகை வேலி. குசினியிலிருந்து தெருக்கதவுக்கு ஒடுங்கிய ஒரே நடைதான், அதுவும் சிவானந்தனின் பயனெட் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். மார்கழியில் பின்னேரத் தேத்தண்ணி கொதிக்க முன்னமே முற்றம் இருண்டு, கண்ணாடியில் தங்கள் முகங்களே திரும்பி வந்து நிற்கும்.

இவர் ஏன் இத்தாலிப் பயனெட்டுகளாகப் பார்த்துச் சேர்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் சோதனைக்கு வந்த ஆமிக்காரன் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பயனெட்டால் குத்திப் பார்த்தபோது அவள் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றவள். இந்தக் கோதாரி எங்களுக்கு எதற்கு என்று அவள் சண்டை பிடித்தபோது, "இத்தாலிக்காரன் எங்களைக் குத்தேல்லையே" என்று சிரித்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழம்பொருள் சந்தைகளே கதி. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முத்திரையையும் இலக்கத்தையும் பார்த்து, எந்த ஊர்ப் பட்டறை, எந்தத் துவக்குக்கு உரியது என்று சொல்லிவிடுவார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றாள் தவமணி. "ஆயுத பூசைக்கு இதைக் கொண்டந்து வைக்காதையுங்கோ எண்டு."

"இதுவும் ஆயுதந்தானே."

தையல் மெசினுக்கும் கார்த் திறப்புக்கும் நடுவில் பகிடியாகத்தான் வைத்தார். சந்தனமும் குங்குமமும் பூசியதோ அவள் கை. மறுநாள் விஜயதசமி, பூசையில் வைத்ததை ஒருமுறையாவது அதனதன் தொழிலுக்கு எடுக்கவேண்டும். அவள் ஒரு துண்டுச் சீலை தைத்தாள். அவர் காரை எடுத்து ஒரு சுற்றுப் போய் வந்தார். பயனெட்டை மட்டும் துடைத்து, மறுபடி கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"பூசை வைச்சு எழுப்பிப்போட்டு அதுக்கு வேலை குடுக்கேல்லை நாங்கள்."

"பின்னை என்ன, வெங்காயம் வெட்டுவமோ?"

"வெட்டுங்கோ. எதையாவது வெட்டி முடிச்சுவிடுங்கோ."

"இது வெட்டாது, தவம். இது குத்திறது."

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது.

அவர் அறைக்குப் போய் விளக்கின் கீழ் உட்கார்ந்தார். பிடியின் தலைமாட்டில் துவக்கின் வாய் நுழைகிற இரும்பு வளையம். அதன் உள்விளிம்பில் ஏதோ எழுத்துத் தெரிவதாகச் சொல்லி, திருப்பிப் பார்க்கச் சுட்டுவிரலை அதற்குள் விட்டார்.

"ம்?" என்றார்.

விரல் வரவில்லை. தவமணி சவர்க்காரம் பூசினாள், ஐஸ் வைத்தாள், தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். ஒரு பக்கம் ஊற்றிய எண்ணெய் வளையத்துக்குள்ளால் ஓடி மறுபக்கம் வடிந்தது. விரல் வீங்கவில்லை. சுற்றிவர இடைவெளி கிடந்தது. விரல் மட்டும் வரவில்லை.

"நோகுதோ?"

"நோகேல்லை. குளிருது."

மகள் சாரங்கிக்குப் போன் போட்டாள். என் புருசனிடம் இரும்பு அறுக்கிற வாள் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு ஹ்விடோவ்ரேயிலிருந்து இப்பவே வெளிக்கிடுகிறேன், வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது, எழும்பி வந்து கதவு திறக்கவேண்டாம் என்று பாதி டெனிஷிலும் பாதி தமிழிலும் அவள் சொன்னாள். தவமணிக்கு மூச்சு வந்தது. போனை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள்.

"பிள்ளை வாறாள், கேட்டதே?"

"முழங்கை வரைக்கும் குளிருது," என்றார் அறையிலிருந்து. பிறகு, "தவம், ஈரக் கம்பளி மணக்குதோ?"

மணந்தது. நனைந்து காயாத கம்பளி, பழைய துவக்கெண்ணெய், பல நாள் கழற்றாத சப்பாத்து. நடையின் கீழ்ப்பக்கத்தால் மெதுமெதுவாகக் குசினிக்குள் ஊறி வந்தது. ஒருவர் இருவருடைய மணமல்ல. ஓரிடத்தில் நெருக்கி அடைத்து வைத்த பலருடைய மணம்.

டக்.

சின்னச் சத்தம். அலகு நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் சத்தம்.

"இஞ்சருங்கோ?"

கதிரை பின்னால் நகர்ந்தது. எழும்பும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மனுசன். இப்போது முனகவில்லை. அறையின் விளக்கு அணைந்தது.

கோப்பையை வைத்தாள். நடை விளக்கைப் போட்டாள். எரியவில்லை. குசினி வெளிச்சம் பாதித் தூரம்தான் போனது. அதற்கு அப்பால் அவர். அவளுக்கு முதுகைக் காட்டி, தெருக்கதவைப் பார்த்தபடி நின்றார். இவ்வளவு நேராக அவர் நின்று அவள் கண்டதில்லை. வலக்கை தோளிலிருந்து விரல்வரை ஒரே கோடு. முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் மடிப்பே இல்லை. அந்தக் கோட்டின் நுனியில் அலகு, நெஞ்சு உயரத்தில். நடுக்கமில்லை.

போன் அவருடைய மேசையில். கதவு அவருக்கு அப்பால். முற்றத்துக்கு ஓடலாம், வேலிக்குள் நின்று கத்தலாம். தெருவுக்குக் கேட்காது.

வெளியே கார் வந்து நின்றது. கார்க்கதவு. சரளைக்கல்லில் காலடி, அவசரமாக.

அவருடைய இடக்கால் ஓரடி முன்னே போய் ஊன்றியது.

தவமணி சுவரைப் பிடித்துப் பிடித்து நெருங்கினாள். முதுகைத் தொட்டாள். சட்டைக்குக் கீழே சதை இல்லை, மரம். எண்ணெய் தடவிய, குளிர்ந்த மரம்.

பூட்டுக்குள் திறப்பு நுழைந்தது. திரும்பியது. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

"இஞ்சருங்கோ... அது எங்கடை பிள்ளையப்பா."