ஏழாம் லயத்துப் பெயர்கள்

காலையிலிருந்து கம்ப்யூட்டர் நான்கு முறை நின்றுவிட்டது. பழைய மெஷின் என்றால் நிற்கத்தான் செய்யும், அதில் கொழும்பிலிருந்து அதைத் திருத்த வந்த றோலண்டுக்கு அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு முறையும் அது ஒரே பெயரில் நின்றது.

பூரணி. ஏழாம் லயம்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு கண்சிமிட்டாமல் அப்படியே நிற்கும். விசைப்பலகையில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் நல்ல பிள்ளையாக எழும்பி, மறுபடி அதே இடத்துக்கு வந்து சாகும்.

"மிஸ், இதுல தேத்தண்ணி ஏதும் ஊத்தினீங்களா?" என்று கேட்டான்.

"இல்லீங்க சேர்," என்றாள் இசபெல். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டைப் அடிப்பவள் அவள்; ஆள்களின் பெயர்ப் பட்டியலை மெஷினில் ஏற்றும் வேலை அவளுடையது.

அவன் நம்பவில்லை. கொழும்பில் ஏதோ கம்பனி பாவித்துத் தள்ளிவிட்ட மெஷினை எண்பத்தேழாம் ஆண்டில் வாங்கி, ஈரம் ஊறிய சுவரோரம் வைத்து, மேலே சேலைத்துண்டு போர்த்தி, பொட்டு வைக்காத குறையாக வைத்திருக்கிற ஜனங்கள். தலவாக்கலையில் ரயிலிறங்கி, லிந்துலை தாண்டித் தோட்டத்து லொறியில் குலுங்கி வரும்போதே அவனுக்கு எரிச்சல் ஏறியிருந்தது. அந்தப் புகை மணம், அந்த நனைந்த கம்பளி மணம், தண்ணீர் விழும் பீலிக்கரையில் கால் கழுவும் பெண்கள். நல்லதண்ணிப் பக்கம் இதே மாதிரி ஒரு லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான், அவனும் பிறந்தான். கொழும்பில் அதை யாருக்கும் அவன் சொன்னதில்லை.

மூடியைக் கழற்றினான். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் சிப்புகள் குழியை விட்டு மெல்ல மேலே கிளம்பும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினான். அட்டைகளைப் பிடுங்கி, அவற்றின் பித்தளைப் பல்லை அழிறப்பரால் தேய்த்துச் செருகினான். மின்சாரத்தை மீற்றர் வைத்துப் பார்த்தான், ஏற்ற இறக்கமில்லை. பையிலிருந்து புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டு, பட்டியலைத் தன் கையாலேயே அடித்தான். நூற்றுப் பதின்மூன்று பெயர்கள் வழுக்கிக்கொண்டு போயின.

நூற்றுப் பதினான்காவது பூரணி.

பெயரை வாங்கிக்கொண்டது. பக்கத்தில் போட வேண்டிய ஒற்றை எழுத்தை அடித்ததும் நின்றது. டிஸ்க் செருகிய வாயில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, உள்ளே ஏதோ தகரத்தை அடியிலிருந்து நகத்தால் பிறாண்டுவது போலக் கர், கர் என்று விட்டு விட்டுக் கேட்டது.

"இது என்ன எழுத்து?"

"தோட்டத்த விட்டுப் போயிட்டாங்கன்னு போடுறது சேர். தொர அப்புடித்தான் போடச் சொன்னாரு."

"எங்க போனாங்க?"

இசபெல் சன்னலைப் பார்த்தாள். "எங்கயும் போகல. போன வருசம் மழையில மல சரிஞ்சு ஏழாம் லயம் அப்புடியே உள்ள போயிருச்சு. பதினோரு பேரு. மூணு நாளு தோண்டுனாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. இப்ப அதுக்கு மேல தேயில நட்டிருக்கு."

"அப்ப செத்துட்டாங்கன்னு போட வேண்டியதுதானே?"

"அப்புடிப் போட்டா விசாரண வருமாம். பெரிய கிளாக்கர் நல்லமுத்து ஐயா சொன்னாரு."

றோலண்ட் சிரித்தான். "சரி, அதுக்கும் இதுக்கும் என்ன? மெஷினுக்குப் பேயும் தெரியாது, பாவமும் தெரியாது. ஒங்க ஆளுங்களுக்கு எதைக் கண்டாலும் சாமிதான், பேய்தான்."

"நான் பேயின்னு சொல்லல சேர்." அவள் குரல் உயரவில்லை. "பூரணியும் நானும் ஒரே பீலியில தண்ணி புடிச்சவங்க. அவ போயிட்டான்னு என் கையால அடிக்கச் சொல்றாங்க. அதத்தான் சொன்னேன்."

நான்கு மணிக்கு அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நல்லமுத்து துரையின் பங்களாவுக்குப் போயிருந்தார். மலையிலிருந்து பனி இறங்கி, எதிரே இருந்த தொழிற்சாலையை விழுங்கி, சன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. அவனுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். இந்தப் பதினோரு பேருக்காக இங்கே ஒரு ராத்திரி தங்குவதா? எழுத்துப் பிடிக்கவில்லையென்றால் பெயரே வேண்டாம். விறைத்துப் போயிருந்த விரல்களை ஊதிக்கொண்டு, பூரணியை அழித்தான். மெஷின் மறுக்கவில்லை. அடுத்த பெயரையும் அழித்தான். அதற்கடுத்ததையும். அதில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். வயதைப் பார்க்காமலே அழித்தான். பதினோராவது போனதும் பட்டியல் மேலிருந்து கீழ் வரைக்கும் தங்குதடையின்றி ஓடி முடிந்தது.

"இவ்வளவுதான்," என்று வெற்று அறைக்குச் சொன்னான்.

மெஷினை அணைத்தான். திருப்புளியைப் பையில் போட்டான்.

கர். கர்.

விளக்கு அணைந்திருந்தது. வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். கையில் பிடித்தபடி நின்றான்.

கர்.

மெஷினுக்குள்ளிருந்து அல்ல. பலகைத் தரைக்கு அடியிலிருந்து. சன்னல் பக்கம் தொடங்கி, அவன் காலடியைக் கடந்து, வாசல் பக்கமாக மெல்ல நகர்ந்து போனது. எலி என்று நினைத்தான். எலிதான் என்று உரத்துச் சொன்னான். ஓசை வாசலில் நின்றது. பிறகு வெளியே தப்பு மேளச் சத்தம் எழுந்தது. வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் அதே அடி. காலையில் அடிக்க வேண்டியது. இப்போது மணி நாலரை.

சன்னலருகே போனான்.

முற்றத்தில் வரிசை நின்றது. தலையில் கம்பளி, முதுகில் கூடை. கூடைகளில் கொழுந்து இல்லை. விளிம்பு வரைக்கும் ஈர மண். அந்தக் குளிரில் அவன் மூச்சு கண்ணாடியில் புகையாகப் படிந்தது. அவர்கள் யாருடைய வாயிலிருந்தும் புகை வரவில்லை. ஒருவரும் கால் மாற்றி நிற்கவில்லை. எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினான்.

பதினொன்று.

"நல்லமுத்து ஐயா," என்று கூப்பிட்டான். 

வரிசை நகர்ந்தது. அவனுக்குப் பக்கத்திலேயே இருந்த, கிளாக்கர் பெயர் கூப்பிடும் சின்னச் சன்னலுக்கு முன்னால் முதலாவது பெண் வந்து நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. மழை மணம் இல்லை. தோண்டிய குழியின் மணம். ஓடலாம். கால் வரவில்லை. அவன் வாய் மட்டும், சின்ன வயதில் நாள்தோறும் பெரட்டில் காதில் விழுந்த அந்தக் கேள்வியைத் தானாகவே கேட்டது.

"பேரு?"

அவள் சொல்லப் பார்த்தாள். முகம் முழுவதும் அந்த முயற்சி தெரிந்தது. வாய் திறந்தது. சிவந்த மண் கட்டி கட்டியாகச் சன்னல் பலகையில் விழுந்தது. அவளுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். கையால் துடைத்துவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடி மண்.

நீயாவது சொல் என்பது போல அவனைப் பார்த்தாள்.

அவன் அறிவான். காலையிலிருந்து ஐந்து முறை திரையில் பார்த்த பெயர், தானே அடித்து அழித்த பெயர். விரல்கள் அறியும். நாக்கைப் புரட்டினான். எழுத்து ஒன்றுகூட வரவில்லை. பல்லுக்கிடையில் ஏதோ நறநறத்தது.

அவளுக்குப் பின்னால், பனிக்குள், ஒருவர் பின் ஒருவராகப் பத்து வாய்கள் திறந்தன. கடைசி இரண்டும் மிகச் சிறியவை.