பதினேழாம் காற்றாடியின் முகம்

குருசடியில் சிலுவை முன் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல் பொய்யென்றால், இனி ஆயுசுக்கும் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் கிடைக்காமல் போகட்டும்.

2015 சித்திரையில், வெகுநாள் விடுப்புக்குப் பிறகு, லீமா வடசேரியில் பஸ் ஏறி ஆரல்வாய்மொழி காற்றாலைக்கு வேலைக்குத் திரும்பினாள். வானிலைத் தரவுகளைப் பார்த்து, காற்று எப்போது திடீரென்று ஏறும், எப்போது விழும், அதனால் கரண்ட் எவ்வளவு கூடும், குறையும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவள் வேலை.

கண்ட்ரோல் ரூம் மாறவே இல்லை. அதே ஏசி இரைச்சல். சன்னலோரம் அதே நாற்காலி. வெளியே மலையடிவாரத்தில் காற்றாடிகள், பூசைக்கு நிற்கிற சனம்போல, எல்லாம் மேற்கே பார்த்து நின்றன. பதினேழாவது மட்டும் சுற்றவில்லை.

"அந்தக் காத்துலதாம்மா அதுக்க கியர் போச்சு. கரண்டையும் புடுங்கியாச்சு," என்ற அதிகாரி சுந்தரராஜ், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தக் காற்று போன ஐப்பசியில் வந்தது. காற்றே இல்லாத காலத்தில் திரையில் கரண்ட் கோடு விருட்டென்று மேலே ஏற, அறையே குதூகலித்தது. லீமாதான் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். அவள் கண்ணுக்கு அது காற்றாகவே தெரியவில்லை, மெகாவாட்டாகத் தெரிந்தது. தட்டில் கடைசிப் பழம்பொரி கிடக்கும்போதுதான், இனயம் கடற்கரையிலிருந்து வள்ளத்தில் மீன்பிடிக்கப் போயிருந்த புருசன் ஆன்றோவின் நினைவு வந்தது. போன் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பெட்டியில் அவன் சட்டையை வைத்து அடக்கம் செய்தார்கள்.

"ஒனக்க கம்ப்யூட்டர் கடல் நாத்தம் அறியுமாட்டி?" என்று ஒவ்வொரு முறை கடலுக்குப் புறப்படும்போதும் கிண்டலடித்தவன்.

ஒரு உச்சிவேளை. திரையில் கோடு அசையாமல் படுத்திருந்தது. அப்போது ஏசிக் குளிரினூடே ஒரு வாடை வந்தது. நனைந்த வலை. மண்ணெண்ணெய். உப்பு.

பிறகு ஒரு சத்தம். துருப்பிடித்த இரும்பு முனகுவதுபோல.

பதினேழாவது திரும்பிக்கொண்டிருந்தது.

வரிசையை விட்டு, மெதுவாக, சன்னல் பக்கமாக. அவளுக்கு நேராக வந்ததும் நின்றது.

சற்று நேரத்தில் காற்று எகிறியது.

அதன்பிறகு திரையை அவள் நம்பவில்லை. அந்த முகம் திரும்பினால், மின்வாரியத்துக்குப் போகிற கணிப்பு எண்ணை மாற்றிப் போட்டாள். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"எப்பிடிம்மா கண்டுபிடிக்கிய?"

"நாத்தம் வருது சார்."

"ஏசியக் கழுவச் சொல்லுதேன்," என்றார் சுந்தரராஜ், மிகுந்த அக்கறையோடு.

லீமா பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்கினாள். எந்தக் காற்று அவனைக் கொண்டுபோனதோ, அதே காற்று இன்று வராதா என்று ஏங்கினாள்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் வாடை கண்ணைக் கரித்தது. பதினேழாவது அவளைப் பார்த்துத் திரும்பியது. பூட்டிக் கிடந்த இறக்கைகள் நடுங்கின.

அவள் போனை எடுத்தாள். மின்வாரியத்துக்கு என்று சுந்தரராஜ் நினைத்தார். அவள் அழைத்தது இனயம் கோயில் உபதேசியார் சூசையை.

"மைக்கிலயும் வயர்லெஸ்லயும் சொல்லுங்க. வள்ளமெல்லாம் கரை ஏறணும்."

"ஏட்டி, கடலு கண்ணாடியாக்கும் கெடக்கு. ஆரு சொன்னா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்றோ."

மறுமுனையில் ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு, போன் வழியாகவே, கோயில் மணி கேட்டது.

கடைசி வள்ளம் மணலைத் தொட்டபோது காற்று அடித்தது. ஒரு உயிரும் போகவில்லை. இங்கே கணிப்பு போகாததால் மின்வாரியத்திலிருந்து வசவு மழை.

"ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று சுந்தரராஜ் கத்தியது லீமாவின் காதில் ஏறவில்லை. பதினேழாவது அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. மேற்கே, கடல் பக்கமாக.

"போவாண்டாம்," என்றாள் கண்ணாடியில் கை வைத்து. "இன்னும் செத்த நேரம்."

அது நிற்கவில்லை. அதன்பிறகு திரும்பவும் இல்லை.

ஆனால் அவள் கை வைத்த சன்னலுக்குக் கீழே, தரையில், தினமும் உச்சிவேளையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். துடைத்தாலும் மறுநாள் இருக்கும். நாக்கில் தொட்டுப் பார்த்தவர்கள் உப்பு என்கிறார்கள்.

அதைப் பார்க்க நானும் போனேன். நாலு பக்கமும் சுவர்தான்; அந்தக் கண்ட்ரோல் ரூமுக்குச் சன்னலே கிடையாது.